நல்ல தண்ணீரில் பதிமூன்று நாள்

அறுபத்திரண்டு வயதுக்குள் நான் கடலைப் பார்த்தது மூன்றே முறை. மூன்று முறையும் அதற்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். ராசிபுரத்துக்காரனுக்கு அதற்கு மேல் கடலோடு என்ன பேச்சு இருக்கிறது? எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கிணறு, அதுவும் எட்டிப் பார்த்தால் தெரியாது. ஆகவே போன மாதம் என் மகள் பவித்ரா சிதம்பரத்திலிருந்து போன் செய்து, "அப்பா, ஒரு கடலோர ஊர்ல என் குழாய் ஒன்னு மாட்டிக்கிச்சு, நீங்க வந்து வாங்கித் தரணும்" என்றபோது ஏதோ பிளம்பிங் சாமான் என்றுதான் நினைத்தேன்.

சிதம்பரத்தில் அவள் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவள் ஒரு கட்டையை ஊன்றி நின்றிருந்தாள். இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து இரண்டு வாரம் ஆகிறதாம், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சொன்னா அம்மா பஸ் ஏறிடுவாங்க, நீங்க அட்வைஸ் பண்ண ஆரம்பிச்சிடுவீங்க" என்றாள். அரை மணி நேரம் கோபமாக இருந்தேன். அவள் எனக்காக இட்லியும் கொத்சும் வாங்கி வைத்திருந்தாள். இந்த ஊர்க் கத்திரிக்காய் கொத்சுக்கு முன்னால் கோபத்தை நெடுநேரம் காப்பாற்ற முடியாது. எங்கள் பக்கம் கத்திரிக்காயை யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்துவதில்லை. ஆறு இட்லி ஆனதும் விஷயத்துக்கு வந்தோம்.

பவித்ரா ஆராய்ச்சி மாணவி. கோடையில் ஆறு வற்றும்போது கடலின் உப்புத் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறி வருகிறது, வயலையும் சுரபுன்னைக் காட்டையும் எப்போது தொடுகிறது என்பதுதான் அவளுடைய வேலை. அதற்காக வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளக் குழாய் ஒன்றைக் கடலுக்கடியில் கட்டி வைத்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீரின் உப்பையும் சூட்டையும் அது தானாகக் குறித்துக்கொள்ளும். ஒரு வருடக் கணக்கு அதற்குள் அடங்கும். வருடம் நிறைந்துவிட்டால் பழைய நாளில் ஒன்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிய நாளை எழுதும். அதை எடுத்து வரப் போகவேண்டிய அன்றைக்குத்தான் இவள் விழுந்தாள். வருடம் நிறைந்த மறுநாள் குழாய் ஒரு மீனவரின் வலையில் மாட்டி ஊருக்குள் போய்ச் சேர்ந்தது.

குழாயின் மேல் இவளுடைய நம்பர் இருந்ததால் ஊரிலிருந்து போன் வந்தது. இவள் கூடப் படிக்கும் பெண்ணை அனுப்பினாள். அவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பி, "பெத்தவுங்க யாராச்சும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

"பத்து நாள் ஆச்சுப்பா. அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். போன கோடையில பத்து நாள் அழிஞ்சிருக்கும். இருபது நாள் வரைக்கும் சமாளிச்சுடுவேன். அதுக்கு மேல போனா அந்தக் கோடையே இல்லைன்னு அர்த்தம். மூணு வருஷ வேலை. அடுத்த கோடை வரைக்கும் எனக்கு டைம் கிடையாது."

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு, "இன்னொன்னு" என்றாள். "அங்க போய் சர்வேயர்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க."

நான் முப்பத்து நான்கு வருடம் நில அளவை செய்தவன். சங்கிலியும் கல்லுமாக வாழ்ந்தவன். அதைச் சொல்லாமல் என்னால் ஒரு கல்யாண வீட்டில்கூடச் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கரையில் புதிதாக ஏதோ கட்டப்போகிறார்கள், ஊரைக் கிளப்பப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறதாம். யாரோ வந்து அடித்த குச்சிகளை ஊரே சேர்ந்து பிடுங்கிப் போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கடலுக்கடியிலிருந்து ஓர் அளக்கும் கருவி வலையில் ஏறினால் என்ன நினைப்பார்கள்? குச்சிக்காரர்கள் இப்போது கடலுக்குள்ளும் இறங்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள், அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை கிள்ளை போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். முதலில் வயல்கள், பிறகு இறால் குட்டைகள், பிறகு உப்புக் காற்று. கிள்ளையில் இறங்கி ஷேர் ஆட்டோ. பின்னால் நான்கு பேர், முன்னால் டிரைவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், என் மடியில் யாருடையதோ ஒரு காலி மீன் கூடை. அது காலி என்றாலும் வாசனை காலியாகவில்லை. ஊரின் பெயரை எழுதமாட்டேன். தலைவர் கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அது.

சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக ஒரே அளவில் நிற்கின்றன. அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, மணல், வெயிலில் இழுத்துப் போட்ட ஃபைபர் படகுகள். இடது கைப்பக்கம் ஆறு கடலில் சேருகிறது. அக்கரையில் தெரிவது பரங்கிப்பேட்டை. ஒரு காலத்தில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கப்பல் கட்டி நின்ற துறை. இன்றைக்கு அந்த முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அதன் மேல் கொக்குகள் முழங்கால் நனையாமல் நடந்துகொண்டிருந்தன. ஆழம் என் கண்ணுக்கே தெரிந்தது. அளக்க வேண்டும்போல் கை அரித்தது. கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வலை வைக்கும் கொட்டகையில் நான்கு பேர் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் ஒருவர் மட்டும் தலையாட்டி உள்ளே கை காட்டினார். கொட்டகையின் மூலையில் ஒரு நீல நிற டிரம். எட்டிப் பார்த்தேன். என் மகளின் மூன்று வருடம், ஒரு பொட்டுப் பாசியில்லாமல் தேய்த்துக் கழுவப்பட்டு, தெளிந்த தண்ணீருக்கடியில் படுத்திருந்தது.

"தொடாதீங்க சார், ஊரு சொல்லணும்" என்று பின்னால் குரல் வந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். அஞ்சலை. குழாய் மாட்டியது இவருடைய கணவர் சேகரின் வலையில்தான். தினமும் காலையில் மீன் கூடையோடு சிதம்பரம் போய் விற்றுவிட்டு வருகிறவர்.

"எதுக்கும்மா தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க?"

"கடல்ல உளுந்த இன்ஜின என்னா பண்ணுவோம்? மேல எடுத்துக் காத்துல வச்சா ஒரே நாளுல துரு ஏறிப்பூடும். மெக்கானிக் வர்ற வரைக்கும் நல்ல தண்ணியில முக்கி வைப்போம். தெனம் தண்ணிய மாத்திப்புட்டா ஒன்னும் ஆவாது. இதுவும் மிசினுதான சார்? நம்ம சண்ட ஆளுங்க கிட்ட. மிசினு என்னா பண்ணுச்சி?"

எனக்கு அந்த இடத்தில் சிரிக்கவும் தோன்றவில்லை, விளக்கவும் தோன்றவில்லை. ஒரு வருடம் உப்புத் தண்ணீருக்குள் கிடப்பதற்கென்றே செய்த சாமானைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரில் நல்ல தண்ணீர்க் குழாய் விடிகாலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது. வெளியே போய் பவித்ராவுக்குப் போன் செய்தேன். டிரம்மைப் பற்றிச் சொன்னதை முழுவதும் கேட்டாள். பிறகு, "அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடாதீங்கப்பா" என்றாள்.

திரும்பி வந்து எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். வலை முடிந்துகொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "ஊரு கூடுறது அமாவாசைக்குத்தான். அன்னிக்குத்தான் ஒருத்தரும் தொழிலுக்குப் போவ மாட்டாங்க."

விரல் விட்டு எண்ணினேன். அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்குப் பதினோராம் நாள், பதினொன்றும் பத்தும் இருபத்தொன்று. டிரம்மை ஒரு முறை பார்த்தேன். நான்கு பேர், கணுக்கால் புதையும் மணல், எனக்கு வயது அறுபத்திரண்டு. தூக்கிக்கொண்டு ஓடும் யோசனையை அங்கேயே விட்டேன்.

"முன்னாடியே கூட்டணும்னா தலைவருதான் கூட்டணும்" என்றார் அஞ்சலை. "அவுரு கடலூரு ஆர்பர்ல இருக்காரு. பெரிய போட்டுக்கெல்லாம் தடைக்காலம்ல, லாஞ்ச மேல ஏத்தி மராமத்து பாக்குறாரு. நேரா போயிப் பாருங்க. போன்ல கேட்டீங்கன்னா முடியாதுன்னு சொல்லிப்புடுவாரு. மூஞ்சியப் பாத்தா சொல்ல மாட்டாரு."

அன்று அறைக்குத் திரும்பி வந்து பவித்ராவின் மாவுக்கட்டின் மேல் அவள் தோழிகள் எழுதியிருந்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் வாசிக்க மனம் ஓடவில்லை.

இரண்டாம் நாள் கடலூருக்கு ரயில். எதிரில் இருந்தவர் பலாச்சுளையை உரித்து எனக்கும் நீட்டினார். பண்ருட்டிப் பலா, தேன் தோற்றது. அந்த நன்றியில் அவரிடமே வழியும் கேட்டுத் தொலைத்தேன். "கடலூர்தான? திருப்பாதிரிப்புலியூர்ல எறங்குங்க, அதான் ஊரு" என்றார். நம்பி உட்கார்ந்திருந்தேன். துறைமுகச் சந்திப்பு என்று பலகை வந்தது, போனது. அங்கேதான் இறங்கியிருக்க வேண்டும் என்பது அடுத்த ஸ்டேஷனில் இறங்கி விசாரித்தபோது தெரிந்தது. பலாச்சுளை கொடுத்தவரைத் திட்டவும் முடியவில்லை, விரலெல்லாம் பிசுபிசுவென்று அவருடைய நினைவாகவே இருந்தது.

துறைமுகம் இருக்கும் முதுநகருக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பேச்சுக்காரர். தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரன் கோட்டை வாங்கிய கதையைச் சொன்னார். "எல்ல எது வரைக்கும்னு கேட்டதுக்கு, பீரங்கியில சுடுறோம், குண்டு எங்க போயி உளுவுதோ அது வரைக்கும் எங்களுதுன்னுட்டான் சார். சுத்தி நாலா பக்கமும் சுட்டான். குண்டு உளுந்த ஊரெல்லாம் அவனுது. குண்டு கிராமம்னே பேரு."

சங்கிலி இல்லை, கல் இல்லை, பக்கத்துப் பட்டாதாரருக்கு நோட்டீஸ் இல்லை. என் வாழ்நாளில் இப்படியோர் அளவையைக் கேள்விப்பட்டதில்லை. காற்றடித்தால் குண்டு விலகுமே, அப்போது எல்லையும் விலகுமா என்று ஆயிரம் கேள்வி வாய்க்குள் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னேன். சர்வேயர் என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று என் மனைவிக்குத்தான் தெரியும்.

முதுநகரில் பழைய கிடங்குகளின் சுவரில் அரசமரம் வேர் விட்டிருக்கிறது. ஓரத்தில் இருந்த ஏலக்கூடம் தடைக்காலத்தில் வெறிச்சோடிக் கிடந்தது, நாய்கள் மட்டும் இடம் பிடித்துப் படுத்திருந்தன. அதைத் தாண்டினால் உப்பனாற்றில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரச நின்றன. கரையேற்றிய படகுகளில் சுத்தியல் சத்தம். பச்சை, நீலம், புதுப் பெயின்ட் வாசனை. தலைவர் ராஜேந்திரனைத் தேட வேண்டியிருக்கவில்லை, அவர் திட்டும் சத்தம் வழிகாட்டியது. ஐம்பது வயதிருக்கும், முண்டா பனியன், மடித்துக் கட்டிய லுங்கி.

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "பொண்ணு படிப்புன்றீங்க. செரி. ஆனா ஒரு ஆளுக்காவ ஊரக் கூட்ட முடியாது சார். அமாவாசைக்கு வாங்க." அஞ்சலை சொன்னதற்கு மாறாக, என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. படகுக்குள் இன்ஜின் உட்காரும் மேடையை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தலைவரும் மறுமுனையை ஒரு தச்சரும் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு வந்தது. தலைவர் தச்சரைத் திட்டினார், தச்சர் மேடையைத் திட்டினார். குழாயின் நடுவில் ஒரு காற்றுக் குமிழ் நின்றிருந்தது. குமிழ் இருக்கும் குழாய் மட்டம் காட்டாது, பொய்தான் காட்டும். முப்பத்து நான்கு வருடப் பழக்கம், என்னைக் கேட்காமல் கை போய்விட்டது. தச்சரிடமிருந்து முனையை வாங்கி, குழாயைத் தூக்கித் தட்டிக் குமிழை வெளியேற்றி, பென்சில் கோட்டில் வைத்து, "முன்பக்கம் அரை இஞ்ச் தாழ்வுங்க" என்றேன்.

தலைவர் தன் முனையைக் கீழே வைத்தார். "சார் என்னா வேல பாத்தீங்க?"

"அரசாங்க வேலைங்க."

"அரசாங்கத்துல?"

பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் குழாய் முனை இன்னும் என் கையில் இருந்தது. "சர்வேயருங்க. ராசிபுரம் தாலுகா. ரிட்டயர்டு ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு."

சுத்தியல் சத்தம் நின்றது. தலைவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு கடலுக்குள்ள குழா போடுது. அப்பன் சர்வேயரு" என்று நிதானமாகச் சொன்னார். கெடுத்துவிட்டேன், என் பிள்ளையின் மூன்று வருடத்தை அரை இஞ்சுக்காகக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் தச்சரை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதத் தெரிஞ்சிக்கிட்டு அமாவாச வரைக்கும் நான் சும்மா குந்தியிருக்க முடியாது. வேற எவனாச்சும் கண்டுபுடிச்சி, தலைவருக்கு முன்னாடியே தெரியும்னு சொன்னான்னா அப்புறம் எனக்கு அங்க வேல இல்ல. நாளைக்கு நாலு மணிக்கு ஊரக் கூட்டுறேன். நீங்களே எந்திரிச்சி நின்னு சொல்லுங்க. மறைக்காத சொல்லுங்க."

எதை மறைத்தால் காரியம் ஆகும் என்று நினைத்தேனோ அதைச் சொன்னதால்தான் ஊர் எட்டு நாள் முன்னதாகக் கூடப்போகிறது. கூடி என்ன சொல்லும் என்பது வேறு விஷயம். நாளை பதிமூன்றாம் நாள், அந்த அளவில் சந்தோஷம்.

தலைவர் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. வேலை செய்தவர்களோடு படகின் நிழலிலேயே உட்கார்ந்தோம். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். தடைக்காலத்தில் ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரமாகப் பிடித்து வருவது. தங்கள் ஊர் முகத்துவாரம் மணல் மேடேறிப்போனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். போன மழைக்காலத்தில் திரும்பி வரும்போது இரண்டு படகு தரை தட்டிக் கவிழ்ந்தது, ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். "தூர் வாரச் சொல்லி எழுதிக் குடுத்தா, கணக்கு இருக்கான்றாங்க. கடலுக்கு எவன் சார் கணக்கு வச்சிருப்பான்?" என்றார் தச்சர். நான் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது தலைவர், "அந்த மட்டத்த இன்னொரு தபா பாத்துட்டுப் போங்க" என்றார். பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாம் நாள். அம்மன் கோவிலுக்கு எதிரில் ஓட்டுக்கூடம். ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். நான் செருப்பை வெளியே விட்டு, நடுவில் நின்றேன். பணியில் இருந்த காலத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு நாற்காலி போடுவார்கள், நான் உட்கார்ந்து கேட்பேன், எதிரில் இருப்பவர்கள் நின்று பதில் சொல்வார்கள். நின்று பதில் சொல்வது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் சர்வேயருங்க" என்று ஆரம்பித்தேன். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் கையைக் காட்டினார். "நிலத்துல ஒரு கல் நடணும்னா பக்கத்து நிலத்துக்காரருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும். கொடுக்காம அளந்தா அது அளவையே கிடையாது. என் பொண்ணு ஆபீசுல அனுமதி வாங்கினா. உங்ககிட்ட வாங்கல. கடலுக்குப் பக்கத்து நிலத்துக்காரங்க நீங்கதான்னு அவளுக்குத் தெரியல. நானும் சொல்லித் தரல. தப்பு எங்க மேல. குழாய் உப்பையும் சூட்டையும் மட்டுந்தான் குறிக்குது. எந்தத் திட்டத்துக்கும் அதுல வேலை இல்ல."

"இன்னும் எத்தினி குழா போட்டிருக்கீங்க?" என்று ஓர் இளைஞர் கேட்டார்.

"ஒன்னே ஒன்னுதாங்க."

"இப்ப இப்புடி சொல்லுவீங்க. நாளைக்கு அதையே காட்டி, இங்க மீனே இல்ல, காலி பண்ணுன்னு எவனாச்சும் வருவான்."

நியாயமான பயம். நான் வேலை பார்த்த வருடங்களில் நான் எழுதிய அளவுகளை யார் எதற்குக் காட்டினார்கள் என்று எனக்கு மட்டும் தெரியுமா? அதையும் அப்படியே சொன்னேன். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பவித்ரா அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்புதான் எனக்கு.

குழாயடியிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. கூட்டத்துக்குள் பெண்கள் பேசுவது வழக்கமில்லை போலும், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, நான் ஒன்னு சொல்றேன்" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னார். "பதிமூணு நாளா அதுக்குத் தண்ணி மாத்துறது நான். அந்தப் பொண்ண நான் பாத்துருக்கேன். வெயில்ல சேத்துல எறங்கி, பாட்டில்ல தண்ணி மொண்டுகிட்டுப் போவும். இப்ப கால் ஒடஞ்சி கெடக்குதாம். குடுத்து அனுப்புங்க. கணக்குக் கேக்குறாங்க, கணக்குக் கேக்குறாங்கன்னு சொல்றீங்களே, அது போட்ட கணக்க அதுகிட்டயே கேட்டு வாங்குங்க."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர் தலையசைத்தார், பிறகு நாலைந்து பேர். முடிவு இப்படி ஆனது. குழாயைக் கொடுத்துவிடுவது. கால் சரியானதும் பவித்ரா இதே கூடத்துக்கு வந்து, உள்ளே என்ன இருந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும், அச்சில் ஏறுவதற்கு முன்னால். இனிமேல் யார் எதைக் கடலில் போட்டாலும் ஊருக்குச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். நான் ஊர் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆயிரம் வரைபடத்தில் போட்ட கையெழுத்து, அன்றைக்குக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கண்ணில் நீர் கட்டியிருந்தது. அழுகை இல்லை, மூன்று நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு.

அஞ்சலை குழாயைச் சும்மா கொடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் வைத்துக் கொடுத்தார். "வழியில காத்துப் படாத கொண்டு போங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அதற்கும் மனம் வரவில்லை.

ஆட்டோவில் கால்வாசித் தண்ணீர் சிந்திப்போனது. கிள்ளையில் ஏறிய டவுன் பஸ்ஸில் முதல் திருப்பத்தில் என் வேட்டி நனைந்தது, இரண்டாவது திருப்பத்தில் பக்கத்தில் இருந்தவர் பேன்ட். "உயிர் மீனா சார்?" என்றார் கண்டக்டர். "ஆமாங்க" என்றேன். "மூடி வைங்க, குதிச்சிடும்" என்றார். பக்கத்து ஆள் எழுந்து பின்னால் போய்விட்டார். சிதம்பரம் வரை இரண்டு பேர் சீட்டில் நானும் வாளியும் சௌகரியமாக உட்கார்ந்து வந்தோம்.

அன்று சாயங்காலமே பவித்ரா குழாயைக் கணினியோடு இணைத்தாள். திரையில் ஏதோ ஓடியது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். "அப்பா" என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. பதிமூன்று நாள் போயிருந்தது, மற்றதெல்லாம் இருந்தது. போன கோடை இருந்தது, மழை இருந்தது, ஆறு பெருகி உப்பைத் தள்ளிய நாட்கள் இருந்தன. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் போய்க் காபி வாங்கி வந்தேன். அதைவிட உருப்படியாக ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது திரையின் கடைசிப் பகுதியைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். உப்புக் கோடு செங்குத்தாக விழுந்து அடித்தட்டில் கிடந்தது, டிரம்முக்குள் போன நாள். சூட்டுக் கோடு பகலெல்லாம் மெல்ல ஏறுகிறது, காலையில் திடீரென்று ஒரு படி இறங்குகிறது. மறுநாள் ஏறி, அதே நேரத்தில் மறுபடியும் ஒரு படி. புதுத் தண்ணீர் ஊற்றிய நேரம். எண்ணினோம், பதிமூன்று படி இருந்தது. ஆராய்ச்சிக்கு இது குப்பை, இந்தப் பகுதியை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றாள். ஆனால் வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அஞ்சலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றதும், "அதான் சொன்னேன்ல, நல்ல தண்ணியில இருந்தா ஒன்னும் ஆவாதுன்னு" என்றார். "ஒரு நாளுகூட நான் உடல சார். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"தெரியும்க்கா" என்றாள் பவித்ரா. "நீங்க தண்ணி மாத்துனது எல்லாமே இதுல பதிவாயிருக்கு. பதிமூணு நாளும்."



"எம் பேரு இருக்குதா அதுல?"

"பேரு இல்லக்கா. நேரம் இருக்கு. தினமும் காலையில அஞ்சரை."

"நேரம் இருந்தா போதும்மா" என்றார் அஞ்சலை. "அஞ்சரைக்கு மொதக் கொடம் புடிக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும்."